பாக்கி

பிறை பக்கத்து டோல் சாவடி.
ஞாயிறு காலை ஏழே முக்கால்.
அட்டையை வைத்தேன், தடுப்புக் கம்பி எழவில்லை.
திரையில் மலாயில் ஒரு வரி:
பாக்கி போதவில்லை.

அவர்களுக்கும் அது பாக்கிதான்.
அங்கே இருப்பு என்று பொருள்,
எங்கள் வீட்டில் வரவேண்டியது.
வரவேண்டியது எனக்கு நிறைய.
இருப்பு, ஒரு வெள்ளி இருபது காசு.

பதினோரு வருடமாகச் சபைப் பொருளாளர் நான்.
காணிக்கையில் ஐம்பது காசு இடித்தாலும்
முதலிலிருந்து எண்ணுகிறவன்.
வீட்டில் தனியாக ஒரு நோட்டு, நீல அட்டை.
பதினேழாம் பக்கம் முழுக்க மைத்துனன் தேவவரம்:
லோரிக்கு டயர்,
மகளுக்குப் பரீட்சைக் கட்டணம்,
மறுபடியும் டயர்.
மொத்தம் மூவாயிரத்து நானூற்று எழுபது.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
ஜெபத்தில் மட்டும் அவன் பெயரைச் சொல்வேன்,
அதுவும் என் மனைவி பக்கத்தில் இருந்தால்.

பின்னால் ஹார்ன்.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
ரொக்கம் வாங்க ஆளில்லை,
பின்வாங்க வழியில்லை.
வெள்ளைச் சட்டைக்குள் முதுகு நனைகிறது.
பக்கத்து இருக்கையில் வேதாகமம்,
அதன்மேல் காணிக்கை உறை,
உள்ளே எந்த இயந்திரத்துக்கும் வேண்டாத
ஐம்பது வெள்ளி.

கார்க் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம்.
ஒரு சீன அம்மாள்.
தொழிற்சாலைச் சீருடை,
இரவு வேலை முடித்த கண்கள்.
ஹொக்கியனில் ஏதோ சொன்னாள்,
வாழ்த்தாக இருக்க முடியாது.
என் கண்ணாடிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே
கையை நுழைத்துத் தன் அட்டையை வைத்தாள்.
கம்பி எழுந்தது.

உறையைக் கிழித்து ஐம்பதை நீட்டினேன்.
"ஜாலான், ஜாலான்லா!"
ஈயை விரட்டுகிற மாதிரி கையை வீசினாள்.
சிரிக்கவில்லை.
பாலத்தில் என்னைத் தாண்டிப் போனாள்.
எண் தகட்டைப் படிப்பதற்குள்
ஒரு சிமெண்டு லோரிக்கு முன்னால்
மறைந்துவிட்டாள்.

பாலம் நீளமானது.
முதல் பாதி முழுக்க எனக்குக் கோபம்.
திட்டிக்கொண்டா ஒருத்தர் உதவி செய்வார்?
நடுவில், சாய்ந்த கம்பிகள் வானத்தைக் கோடு போடும் இடத்தில்,
கோபம் கணக்காக மாறியது.
யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?
எந்தப் பக்கத்தில் எழுதுவது?
பெயர் இல்லாமல் பற்று வைக்க முடியாது.
தீவில் இறங்கும்போது
கணக்கும் போய்விட்டது.
ஒரு கூச்சம் மட்டும்,
பல் விழுந்த இடத்தையே
நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல்.

கிருபை, கிருபை என்று
வாராவாரம் பாடுகிற வாய் இது.
அது முகம் சுளிக்காமல்தான் வரும் என்று
யார் எனக்குச் சொன்னது?

அன்று திருவிருந்து.
போதகர் ஏசுவடியானின் தொண்டை கட்டிய பிரசங்கம்
ஒன்றும் ஏறவில்லை.
போய் முழங்காலிட்டேன்.
விரல் நுனி அளவு அப்பம்,
மருந்து மூடி அளவு ரசம்.
உள்ளே ஏதோ திறந்தது என்றால் பொய்.
மேலே மின்விசிறி கடகடத்தது, அவ்வளவுதான்.
ஆனால் நீட்டியிருந்த கை
காலையில் ஐம்பதைப் பிடித்திருந்த அதே கை.
இப்போது அதில் ஒன்றுமில்லை.
வெறுங்கையாக நீட்டுவதைத் தவிர
அந்த இடத்தில் வேறு வழியும் இல்லை.

நோட்டைக் கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசை.
கிழிக்கவில்லை.
அலமாரியில்தான் இருக்கிறது,
பதினேழாம் பக்கமும் அப்படியே.

காணிக்கையை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு,
அங்சானா மரத்தடியில்
கார்க் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து
தேவவரத்தைக் கூப்பிட்டேன்.
நெடுநேரம் மணி அடித்தது.
எடுத்தான். பேசவில்லை.
லோரி இஞ்சின் மட்டும் உறுமியது.
நானும் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.
பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை,
மன்னிப்பைப் பற்றியும் இல்லை.

இந்த ஊரில் காலையில் நாங்கள் எல்லாரும்
எல்லாரையும் கேட்பதைத்தான் கேட்டேன்:

பசியாறிட்டியா?